எண் மாறிய கார்

அவரை யார் எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார். சிம்மக்கல்லில் எங்கள் தெருமுனையில் வெற்றிலைக் கடை வைத்திருந்தவர் அவரைக் கடைசிவரை வேறு யாரோ ஒருவருடைய பெயரைச் சொல்லித்தான் அழைத்தார். முதல் நாள் ஆள் தெரியாமல் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார். இவரும் "என்னண்ணே" என்று போய் நின்றிருக்கிறார். அதற்குப் பிறகு திருத்துவதற்கு இவருக்கு மனம் வரவில்லை.

"இம்புட்டு வருசம் கழிச்சு அது என் பேரு இல்லைன்னா அந்த மனுசன் கூச்சப்பட்டுப் போவாருல்ல, தங்கச்சி?" என்று என்னிடம் கேட்டார்.

நானும் இங்கே அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர் வீட்டு மாடியில்தான் நானும் என் கணவரும் கல்யாணமான புதிதில் குடியிருந்தோம். வீட்டின் சொந்தக்காரர் என்ற அதட்டல் அவரிடம் மருந்துக்கும் கிடையாது. நான் அவரை அண்ணன் என்றும் அவர் மனைவியை மதினி என்றும் கூப்பிட்டேன். என் கணவருக்கு மில்லில் வேலை. அவர் ஷிப்டுக்குப் போய்விட்டால் எனக்குக் கீழ் வீடுதான் கதி. மதினியோடு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே அண்ணனைப் பற்றிய கதைகளை ஒன்றுவிடாமல் கேட்டிருக்கிறேன். எல்லாமே அவர் எதையோ விட்டுக்கொடுத்த கதைகள்.

ஒரு தீபாவளிக்குத் தையல்காரர் வேறு யாருடைய சட்டையையோ மாற்றிக் கொடுத்துவிட்டார். தோள் இறங்கி, கை முழங்கைக்குக் கீழே தொங்கியது. அண்ணன் கொடுத்த துணி கோடு போட்டது. வந்த சட்டையில் கோடே இல்லை.

"போயி மாத்திட்டு வாங்க" என்று மதினி சொல்லியிருக்கிறார்.

"கடையில கூட்டம் அம்புட்டு நிக்குது. அந்தாளு கண்ணெல்லாம் சிவந்து போயித் தச்சுக்கிட்டிருக்கான். இப்பப் போயி இது என்னுது இல்லைன்னா பதறிப் போவான்."

அந்தத் தொளதொளச் சட்டையோடுதான் அவர் தீபாவளி கொண்டாடினார். அவருக்கு இருந்த ஒரே கவலை, தன் சட்டையை வாங்கிக்கொண்டு போன பெரிய உடம்புக்காரருக்கு அது பற்றாமல் போயிருக்குமே என்பதுதான்.

இன்னொரு முறை ஆனையூரில் ஒரு கல்யாணத்துக்குப் பெண் வீட்டாரைக் காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டு ஓரமாக நின்றிருக்கிறார். ஒரு பெரியவர் ஓடிவந்து கையைப் பிடித்து, "ரங்கூன் மாமாதானே? உங்களத்தான் மாப்பிள்ளை தேடிக்கிட்டே இருக்காரு" என்று இழுத்துப்போய் முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டார். இவர் மறுத்துச் சொல்ல வாய் திறப்பதற்குள் மாப்பிள்ளையும் பெண்ணும் காலில் விழுந்துவிட்டார்கள். திருநீறு பூசி ஆசீர்வாதம் செய்திருக்கிறார். பிறகு நிஜமான ரங்கூன் மாமா ஜட்கா வண்டியில் வந்து இறங்கியதும், பந்தலின் பின்பக்கமாக நழுவி வந்து காருக்குள் உட்கார்ந்துகொண்டார். மதினி இந்தக் கதையை விழுந்து விழுந்து சிரித்தபடி ஆரம்பிப்பார். முடிக்கும்போது அவருக்குச் சிரிப்பு இருக்காது. "பந்தியில உக்காராமக்கூட வந்துட்டாரு புள்ள. பட்டினியாத்தான் வண்டி ஓட்டிட்டு வந்தாரு" என்பார்.

செக்கானூரணிப் பக்கம் அவர்களுக்குப் பூர்வீக நிலம் இருந்தது. பாகம் பிரித்தபோது கிணறு இருக்கும் பக்கத்தைத் தம்பி தனக்கு என்றான். அண்ணன் சரி என்றார். கிணற்றடியில் இருந்த இரண்டு புளியமரங்களும் தனக்குத்தான் என்றான். அதற்கும் சரி என்றார். அந்தப் புளியமரங்களை மதினியால் மறக்கவே முடியவில்லை. கடையில் புளி வாங்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் தம்பியின் குடும்பத்தையே இழுத்து வைத்துத் திட்டுவார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அவனுக்குப் பிள்ளைக ஜாஸ்தில்ல" என்பார்.

முதலில் எனக்கு இது பெரிய குணமாகத் தெரிந்தது. என் அப்பா குழாயடித் தகராறுக்குக்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்குகிறவர். அந்தச் சத்தத்திலேயே வளர்ந்த எனக்கு, குரல் உயர்த்தாத ஒரு ஆண் பிள்ளையைப் பார்ப்பதே ஆறுதலாக இருந்தது. போகப் போகத்தான் கொஞ்சம் பயம் வந்தது. அவர் விட்டுக்கொடுத்ததில் பாதி மதினியுடையதாகவும் இருந்தது.

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஒரு பழைய கறுப்புக் கார். யாரோ வைத்திருந்து கைமாறி அவரிடம் வந்தது. வாடகைக்கு ஓட்டுவார். யுத்த காலம் என்பதால் பெட்ரோலைக் கூப்பனுக்குத்தான் கொடுத்தார்கள். மாதத்தில் பாதி நாள் கார் வாசலிலேயே நிற்கும். ஓடும் நாளிலும் மாட்டுவண்டியை முந்தமாட்டார். ஹாரன் அடிக்கவே மாட்டார். நடுரோட்டில் ஒரு கிழவி கீரைக்கட்டை இறக்கி வைத்து எண்ணிக்கொண்டிருந்தால், எண்ணி முடிக்கும் வரை பின்னால் நிற்பார். "அடிச்சா திடுக்குன்னு விழுந்து வச்சுரும்" என்பார். அவசரக்காரர்கள் யாரும் அவர் காரைக் கூப்பிடமாட்டார்கள்.

அதே சமயம், எவ்வளவு தட்டுப்பாடு வந்தாலும் டாங்கில் கொஞ்சம் பெட்ரோலை மிச்சம் வைத்திருப்பார். பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி கண்டாலோ, யாருக்காவது பூச்சி பொட்டு கடித்துவிட்டாலோ, அந்தத் தெருவில் எல்லோரும் அவர் கதவைத்தான் தட்டினார்கள். என் மூத்த மகன் பிறந்தபோது என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். அன்றைக்கு வழிநெடுக ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனார். வலிக்கு நடுவிலும் எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

மழையிலும் வெயிலிலும் நின்று நின்று கார் சாயம் வெளுத்துவிட்டது. மதினி சொல்லிச் சொல்லி, ஒருவழியாகப் பட்டறையில் பெயிண்டு அடிக்க விட்டார். திரும்பி வந்தபோது கார் கண்ணாடி போலப் பளபளத்தது. தெருப் பிள்ளைகள் அதில் முகம் பார்த்தார்கள்.

மதினிக்கு வெள்ளிக்கிழமைதோறும் காருக்குப் பொட்டு வைக்கும் வழக்கம் உண்டு. முன்னால் நம்பர் எழுதிய தகட்டில் மஞ்சள் தடவிக் குங்குமம் வைப்பார். அந்த வெள்ளிக்கிழமை காலையில் கீழேயிருந்து அவர் சத்தம் கேட்டது.

"ஏ தங்கச்சி, கொஞ்சம் இறங்கி வாயேன்."

குழந்தையை இடுப்பில் எடுத்துக்கொண்டு போனேன். மதினி குங்குமம் தொட்ட விரலோடு குனிந்து தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு எழுத்துத் தெரியாதுதான். ஆனா கடைசியில அருவா மாதிரி ஒண்ணு வளைஞ்சு நிக்கும். அதுக்கு மேலதான் எப்பவும் பொட்டு வப்பேன். இப்ப என்னமோ முட்டை மாதிரில்ல இருக்கு?"

நான் பார்த்தேன். ஏழு இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் இருந்தது. அதற்கு முன்னால் இருந்த எண்களும் வேறு. அண்ணன் காரின் எண் வாசலில் தினமும் பார்த்து எனக்கு மனப்பாடம். எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது என்றாலும் எண்கள் தெரியும். "மதினி, இது நம்ம நம்பரே இல்ல" என்றேன்.

அண்ணன் ஈரத்துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து பார்த்தார். பின்பக்கம் போய் அங்கே இருந்த தகட்டையும் பார்த்தார்.

"அட, ஆமா. ரெண்டு பக்கமும் மாறித்தான் போச்சு" என்று சிரித்தார்.

"வண்டியாவது நம்ம வண்டிதானா?" என்று கேட்டார் மதினி.

அண்ணன் கதவைத் திறந்து பின்சீட்டில் இருந்த பழைய கிழிசலைத் தடவிப் பார்த்துவிட்டு, "வண்டி நம்முதுதான்" என்றார்.

அன்றே பட்டறைக்குப் போய்விட்டு வந்தார். விஷயம் இதுதான். திருமங்கலத்துக்குத் தெற்கே இருந்த ஒரு பெரிய பண்ணையாரின் காரும் அதே சமயத்தில் பெயிண்டுக்கு வந்திருந்தது. அதுவும் இதே மாதிரி, இதே கறுப்பு. பெயிண்டு அடிக்கக் கழற்றிய தகடுகளைப் பட்டறையில் மாற்றி மாட்டிவிட்டார்கள். பண்ணையாரின் நம்பர் இவர் காரில். இவர் நம்பர் பண்ணையாரின் காரில்.

"பட்டறைக்காரன் என் கையைப் பிடிச்சுக்கிட்டான்" என்று அண்ணன் எங்களிடம் சொன்னார். "இப்பப் போயி பண்ணையாருகிட்டத் தப்பு நடந்துபோச்சுன்னு சொன்னா என்னைத் தொலைச்சுப்புடுவாரு அண்ணே, அவுக வண்டி ஆயில் மாத்த வரும், அப்பச் சத்தமில்லாம மாத்திருவோம், அதுவரைக்கும் பொறுத்துக்கங்கன்னான். சரின்னுட்டு வந்தேன்."

"சரின்னுட்டு வந்தீகளா?" என்றார் மதினி.

"அவன் பொழப்பைக் கெடுக்கச் சொல்றியா?"

நான் சும்மா இருக்காமல், "அண்ணே, நம்ம நம்பரை வச்சுக்கிட்டு அவுக எங்கெங்கயோ போவாக. ஏதாச்சும் வம்பு வந்தா?" என்று கேட்டேன்.

"அவுகளுக்கும் தெரியாமத்தான நடந்துருக்கு தங்கச்சி" என்றார். அவரால் செய்ய முடிந்த நியாயத்தை அவர் செய்தார். வேறொருவர் நம்பரை வைத்துக்கொண்டு ஓட்டுவது தப்பு என்று, தகடு மாறும் வரை காரைத் தொடவே இல்லை. வந்த வாடகைக்காரர்களைத் திருப்பி அனுப்பினார். கார் வாசலிலேயே நின்றது. பளபளப்பின் மேல் தூசி படிந்தது.

சில நாட்கள் போயிருக்கும். விடிந்தும் விடியாமலும் நான் மாடி வராந்தாவில் குழந்தையின் துணியைக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். தெருவில் ஒரு ஜட்கா வந்து நின்றது. பட்டறைக்காரரும், காக்கிச் சட்டை போட்ட இன்னொரு ஆளும் இறங்கினார்கள். அந்த இன்னொரு ஆள் பண்ணையாரின் டிரைவர் என்பது அவர்கள் பேச்சில் தெரிந்தது. சாக்கில் சுற்றிய தகடுகள் அவர் கையில் இருந்தன.

அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். "நானே வந்துருப்பேனேண்ணே. இதுக்காக இம்புட்டுத் தூரமா?" என்றார். டிரைவர் அண்ணன் முகத்தைப் பார்க்காமலே குனிந்து திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினார். அவருக்கு ஒரே அவசரம். ஒரு திருகாணி கீழே விழுந்து உருண்டு சாக்கடைப் பக்கம் போனது. அண்ணன்தான் மண்டியிட்டுத் தேடி எடுத்துக் கொடுத்தார். தகட்டை ஒருபக்கம் பிடித்துக்கொள்ளவும் செய்தார். வேலை முடிந்ததும் மதினியைக் கூப்பிட்டு இரண்டு பேருக்கும் கருப்பட்டிக் காப்பி கொடுக்கச் சொன்னார். பட்டறைக்காரர் டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, குடிக்காமலே கீழே வைத்துவிட்டார்.

மதினி என்னை நிமிர்ந்து பார்த்து, "அருவா வந்துருச்சு" என்று சிரித்தார்.

அன்று மத்தியானம் போலீஸ் வந்தது.

முந்தின நாள் மாலை, பொழுது இறங்கும் நேரத்தில், திருமங்கலம் ரோட்டில் ஒரு கறுப்புக் கார் ஒரு கூலிக்காரர் மேல் மோதிவிட்டுப் போய்விட்டது. வேலை முடிந்து மனைவியோடு ரோட்டோரமாக நடந்து போய்க்கொண்டிருந்தவர். செத்துப்போனார். எதிரே சைக்கிளில் வந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார் காரின் எண்ணைப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு போலீசில் சொல்லிவிட்டார். அது அண்ணனின் காருக்கு உரிய எண். போலீஸ் வந்து பார்த்தபோது அந்த எண் அண்ணனின் காரில்தான் இருந்தது.

இன்ஸ்பெக்டர் வாசலில் நின்றபடியே கேட்டார்.

"இது உன் கார்தானே?"

"ஆமாங்க."

"இது உன் நம்பர்தானே?"

"ஆமாங்க."

"திருமங்கலம் ரோட்டுல போயிருக்கியா?"

"போயிருக்கேனுங்க."

எப்போதாவது போயிருக்கிறாயா என்று கேட்கிறார் என்று அவர் நினைத்துக்கொண்டார். கேட்ட கேள்விக்கெல்லாம் ஆமாங்க, ஆமாங்க என்றார். மதினி குறுக்கே புகுந்து தகடு மாறிய கதையைச் சொல்ல ஆரம்பித்ததும் ஏட்டு ஒருவர் அதட்டினார். இன்ஸ்பெக்டர் காரைச் சுற்றிவந்தார். அடிபட்ட தடம் எதுவும் இல்லை. விரலால் தூசியைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "பெயிண்டு புதுசா இருக்கே" என்றார்.

அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அப்போதும் அவர் என்னிடம், "தங்கச்சி, மதினியப் பாத்துக்க. நான் போயி வெவரஞ் சொல்லிட்டு வாரேன்" என்றுதான் சொன்னார்.

மறுநாள் நானும் மதினியும் என் கணவரோடு ஸ்டேஷனுக்குப் போனோம். நான் பார்த்ததை எல்லாம் சொன்னேன். கார் அன்று முழுக்க வாசலில்தான் நின்றது என்று சொன்னேன். காலையில் வந்து தகட்டை மாற்றியதைச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"அவர் வீட்டுல குடியிருக்கிறவங்கதானேம்மா நீங்க?" என்றார் கடைசியில்.

"ஆமா."

"அப்ப இப்படித்தானே சொல்லுவீங்க."

அதற்கு மேல் நான் என்ன சொன்னாலும் அந்தச் சுவரில் போய் முட்டியது.

கோர்ட்டில் வாத்தியார் சாட்சி சொன்னார். நல்ல மனிதர். அவருக்கு யார்மேலும் விரோதம் இல்லை. இருட்டத் தொடங்கிவிட்டதால் ஓட்டியவர் முகம் தெரியவில்லை, எண் மட்டும் தெரிந்தது என்றார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. கொடுமை அதுதான். பொய் சொன்னது பட்டறைக்காரர். "பெயிண்டு அடிக்கையில நான் நம்பர் தகட்டைக் கழட்டவே மாட்டேனுங்க, துணி கட்டித்தான் அடிப்பேன்" என்றார். சொல்லி முடிக்கும் வரை அண்ணன் நின்ற பக்கம் அவர் திரும்பவே இல்லை. பண்ணையாரின் கணக்கப்பிள்ளை பின் பெஞ்சில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். பண்ணையார் வரவில்லை. அவர் வர வேண்டிய அவசியமும் யாருக்கும் தோன்றவில்லை.

செத்தவரின் மனைவியையும் கூப்பிட்டார்கள். வற்றிப்போன உடம்பு. தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்ன கார்?"

"கறுப்புக் காரு சாமி."

"யார் கார்?"

"இருட்டிப் போச்சு சாமி. வேற தெரியலை."

பிறகு என் முறை. கூண்டில் ஏறி, எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஒரு காகிதத்தை என் கையில் கொடுத்தார். இங்கிலீஷில் என்னவோ அச்சடித்திருந்தது.

"இதைப் படிங்கம்மா."

"எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாதுங்க."

"எழுத்தே தெரியாது. ஆனால் மாடியிலிருந்து பார்த்து நம்பர் மாறினதைக் கண்டுபிடிச்சிட்டீங்க?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். எண் தெரியும், எண் மட்டும் தெரியும் என்று சொன்னேன். மாடியிலிருந்து பார்க்கவில்லை, முதலில் கீழே வந்துதான் பார்த்தேன் என்றேன். அதற்குள் வக்கீல் உட்கார்ந்துவிட்டார். இறங்கி வரும்போது மதினியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவரைச் சாட்சிக்கே கூப்பிடவில்லை. அருவா மாதிரி, முட்டை மாதிரி என்று சொன்னால் கோர்ட்டே சிரிக்கும் என்று எங்கள் வக்கீல் சொல்லிவிட்டார்.

கடைசியில் மாஜிஸ்ட்ரேட் அண்ணனிடம் கேட்டார். வழக்கம்போல ஆமாங்க என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

"நான் இல்லைங்க" என்றார் அண்ணன். அவர் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. "என் வண்டி இல்லைங்க. என் வண்டி அன்னைக்கு வாசல்லதான் நின்னுச்சு. நான் இல்லைங்க."

"போலீஸ் கேட்டபோது எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று சொல்லியிருக்கிறீரே?"

அண்ணன் "கேட்டாங்க, சொன்னேனுங்க" என்றார். பிறகு மறுபடியும், "ஆனா நான் இல்லைங்க" என்றார்.

அவர் வாழ்நாளில் தன்னுடையது இல்லை என்று மறுத்த ஒரே விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன். அதை யாரும் நம்பவில்லை. ஜெயில் தண்டனை கொடுத்தார்கள். லைசென்சும் போயிற்று.

அதற்குப் பிறகு நடந்தது கொஞ்சம்தான். மதினி காரையும் வீட்டையும் விற்றுவிட்டு ஆனையூரில் தன் பிறந்த வீட்டோடு போய்விட்டார். நாங்களும் வேறு வீடு பார்த்துக்கொண்டோம். அண்ணன் விடுதலையாகி வந்தபின் அங்கே ஒரு நெல் வியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டேன். ஒருமுறை போய்ப் பார்த்தேன். இளைத்திருந்தார். என் மகனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "இவனைக் கொண்டு போனப்பதான் ஹாரனை அம்புட்டு அடிச்சேன்" என்றார். பட்டறைக்காரரைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "அவன் என்ன செய்வான், அவனுக்கும் பட்டறை நடக்கணும்ல" என்றார். மதினி எழுந்து உள்ளே போய்விட்டார். பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. அவர்கள் இருவருக்கும் நடுவில் அந்தச் சத்தம் கடைசிவரை இருந்திருக்கும்.

ஆனால் அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது தீர்ப்புச் சொன்ன நாளின் மத்தியானம்தான்.

கோர்ட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அண்ணனை நிறுத்தியிருந்தார்கள். கூட்டிக்கொண்டு போகும் வண்டி இன்னும் வரவில்லை. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் இரக்கப்பட்டு எங்களைப் பக்கத்தில் விட்டார். மதினி சொம்புத் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, தூரத்தில் சுவரோரமாக அந்தப் பெண் நிற்பதைப் பார்த்தேன். செத்தவரின் மனைவி. வெகுநேரமாக நின்றுகொண்டிருந்திருக்க வேண்டும். பக்கத்தில் கணக்கப்பிள்ளை இல்லை என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டு, மெதுவாக வந்து, கொஞ்சம் தள்ளியே நின்றார்.

மதினி அவரைப் பார்த்ததும் சொம்பைக் கீழே வைத்துவிட்டு விறுவிறுவென்று போனார். திட்டத்தான் போகிறார் என்று நானும் பின்னால் ஓடினேன். அந்தப் பெண் மதினியைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்துத்தான் பேசினார்.

"நீங்க இல்லைன்னு எனக்குத் தெரியும் சாமி."

மதினி அப்படியே நின்றுவிட்டார்.

"அது எங்க பண்ணை ஐயா காரு. மோதிட்டு வண்டி நின்னுச்சு. ஐயா தலைய வெளிய நீட்டிப் பாத்தாரு. 'போடா'ன்னு டிரைவருகிட்டச் சொன்னாரு. பொறந்ததுல இருந்து கேட்டுக்கிட்டிருக்கிற குரலு சாமி, எனக்குத் தெரியாதா?" சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். "சொல்லலை. குடிசை அவுக எடத்துல இருக்கு. ரெண்டு பொட்டப் புள்ளைகள வச்சிருக்கேன். சொன்னா எங்க போவேன்?"

போலீஸ்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கேட்டிருப்பார். கேட்டு என்ன செய்ய முடியும்? கோர்ட்டில் சொல்லாததை வேப்பமரத்தடியில் சொன்னால் யாருக்கு ஆகும்?

அண்ணன் இரண்டடி நடந்து அந்தப் பெண்ணின் அருகே போனார். கோபம் வந்திருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை என்று இருந்தது. அவர் கோபப்படவில்லை. தாழ்ந்த குரலில் கேட்டார்.

"வண்டி போனதுக்கப்புறம் அவருக்கு உசுரு இருந்துச்சா தாயி?"

"இருந்துச்சு சாமி. பேசுனாரு. தண்ணி கேட்டாரு, குடுத்தேன். நடு ரோட்டுல நின்னு வாரவுகளையெல்லாம் கும்பிட்டேன். ஒரு மாட்டுவண்டி கெடச்சுச்சு. மதுரை ஆஸ்பத்திரிக்குன்னு கெளம்புனோம். திருப்பரங்குன்றம் வரைக்கும் என் கையப் பிடிச்சுக்கிட்டேதான் வந்தாரு. அதுக்கப்புறம் பிடி விட்டுப்போச்சு."

அண்ணன் வேப்பமரத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார். ஜெயில் என்று சொன்னபோது கலங்காத மனிதருக்கு உதடு கோணியது. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

"டாங்குல பெட்ரோல் இருந்துச்சு தாயி" என்றார். "அன்னைக்குப் பூரா என் வண்டி வாசல்ல சும்மாதான நின்னுச்சு."

அந்தப் பெண்ணுக்குப் புரிந்ததோ இல்லையோ, தரையில் உட்கார்ந்துவிட்டார். வண்டி வந்தது. போலீஸ்காரர் அண்ணனின் தோளைத் தொட்டார். அவர் ஏறும்போது எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. மதினியும் வண்டியின் பின்னால் ஓடவில்லை. கீழே வைத்த சொம்பை எடுத்து, மிச்சம் இருந்த தண்ணீரை அந்தப் பெண்ணிடம் நீட்டினார். அவர் தயங்கிக் கைகளைக் குவித்தார். "சொம்பைப் பிடிச்சுக் குடி" என்றார் மதினி.